"கண்ணு எங்கே இருக்கு உனக்கு?"

என் சின்னப் பெண்ணை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது நான் இப்படித் திட்டியிருப்பேன். தண்ணீர் ஊற்றச் சொன்னால் பாதி டம்ளரில், பாதி தரையில். பால் டம்ளரை மேஜை மேல் வைக்கிறேன் பேர்வழி என்று விளிம்புக்கு இந்தப் பக்கமே கையை விட்டுவிடுவாள். மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தடவித் தடவித்தான் இறங்குவாள். அண்ணன் பந்தைப் போட்டால், இவள் கையை மூடுவதற்குள் பந்து மூக்கில் வந்து மோதியிருக்கும்.

"கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று நான் கத்தாத நாளே கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்குக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னேன். கிண்ணத்திலிருந்த நல்லெண்ணெய் முழுவதும் விளக்குக்கு வெளியே கோலத்தின் மேல் கொட்டிப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் முதுகில் ஒன்று வைத்தேன்.

"நான் விளக்குலதாம்மா ஊத்தினேன்!" என்று அழுதாள்.

செய்ததையும் செய்துவிட்டுப் பொய் வேறா என்று இன்னொன்று வைத்தேன். சகோதரிகளே, அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு விளக்கு இருந்த இடத்தில்தான் அவள் எண்ணெய் ஊற்றினாள். அது எனக்குத் தெரிய வந்தபோது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. என்னைப் போல இன்னொரு தாய் தன் குழந்தையை அடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மெட்ராஸ் ஐ செய்த நன்மை

கண்ணில் கோளாறு இருக்கலாம் என்று எங்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். தோன்ற வழியே இல்லை. பெண் படிப்பில் கெட்டி. கரும்பலகையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு வருவாள். புள்ளி வைத்துக் கோலம் போட்டால் ஒரு கோடு கோணாது. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை கண் பரிசோதனைகூட நடந்தது. "ஒரு கண்ணைக் கையால பொத்திக்கோ" என்றார்களாம். இவள் விரல் சந்து வழியாக எட்டிப் பார்த்து எல்லா எழுத்தையும் படித்துக் காட்டிவிட்டு, "எனக்கு ஃபுல் மார்க்" என்று குதித்துக்கொண்டு வந்தாள்.

2018 ஐப்பசி மாதம் தெருவெல்லாம் கண்வலி. எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஒரு நாள் காலையில் சின்னவளுக்கு வலது கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டுவிட்டது. இடது கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. "இன்னிக்கு என்ன தேதின்னு பாரு கண்ணு" என்றேன், சும்மா அவள் அழுகையை மாற்றுவதற்காக. காலண்டர் நாலடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலண்டரே மங்கலா இருக்கும்மா" என்றாள்.

அந்தக் கண்ணிலும் தொற்றிக்கொண்டதோ என்று பார்த்தேன். சிவப்பே இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

கண்வலி முழுக்க ஆறிய பிறகு கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். வயதான டாக்டரம்மா. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிந்த பிறகுதான் பவர் பார்த்தார்கள். குழந்தைகள் தங்களை அறியாமலே கண்ணை இறுக்கி பவரை மறைத்துவிடுவார்களாம். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் இந்தச் சொட்டு மருந்து. முடிவு வந்தது. வலது கண்ணுக்கு பிளஸ் 1. இடது கண்ணுக்கு பிளஸ் 4.5. வலது கண்ணின் பார்வை 6/6, அதாவது குறையில்லாதது. இடது கண் 6/36. நல்ல கண் 36 மீட்டர் தூரத்திலிருந்து படித்துவிடும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டர் கிட்டே வந்துதான் படிக்க முடியும் என்று அர்த்தம்.

"இத்தனை வருஷமா குழந்தை ஒண்ணுமே சொல்லலையே டாக்டர்!" என்றேன்.

"எப்படிம்மா சொல்லும்? பிறந்ததிலேர்ந்து அதுக்கு உலகம் இப்படித்தான். ஒரு கண்ணு நல்லா வேலை செய்யும்போது, இன்னொண்ணு செய்யலைன்னு குழந்தைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றார்கள்.

ஒரு திருகு, இரண்டு அடுப்பு

டாக்டரம்மா பொறுமையாக விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. கிட்டே பார்க்கும்போது தசை இறுகி அந்த லென்ஸ் தடிக்கிறது. தூரத்தைப் பார்க்கும்போது தளர்கிறது. இந்த இறுக்கமும் தளர்ச்சியும் இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவில்தான் நடக்கும். ஒரு கண்ணுக்குக் கொஞ்சம், மற்றதற்கு அதிகம் என்று மூளையால் பிரித்துக் கொடுக்க முடியாது.

இரண்டு அடுப்பு உள்ள ஸ்டவ்வுக்கு ஒரே ஒரு திருகு இருந்தால் என்ன ஆகும்? ஒரு அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும், மற்றதில் பருப்பு வேக வேண்டும். பாலுக்குச் சரியாகத் தணலை வைத்தால் பருப்பு வேகவே வேகாது. என் பெண்ணுக்கும் அதுதான் நடந்தது. வலது கண்ணுக்கு 1 பவர் இறுக்கினால் போதும், தெளிவாகத் தெரிந்துவிடும். மூளை அதோடு நிறுத்திக்கொள்ளும். இடது கண்ணுக்கு இன்னும் மூன்றரை பவர் பாக்கி நிற்கும். கிட்டேயும் மங்கல், தூரத்திலும் மங்கல். ஒரு நாள்கூட அந்தக் கண் தெளிவான உருவத்தைப் பார்த்ததே இல்லை.

இரண்டு கண்ணின் பவரும் இப்படி ஏறுக்குமாறாக இருப்பதற்கு அனைசோமெட்ரோபியா என்று பெயர். பொதுவாக 1 டயாப்டர், அதாவது 1 பவர் வித்தியாசம் இருந்தாலே இந்தப் பெயர் சொல்கிறார்கள். எப்போதும் மங்கலாகவே வரும் கண்ணின் செய்தியை மூளை நாளாவட்டத்தில் கேட்பதையே நிறுத்திக்கொள்கிறது. அதுதான் ஆம்பிளியோபியா என்கிற சோம்பேறிக் கண். கண்ணில் குறை ஒன்றும் இராது. மூளைக்குத்தான் அந்தக் கண்ணால் பார்க்கப் பழக்கமில்லாமல் போயிருக்கும். நூறு குழந்தைகளில் ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை இந்தச் சோம்பேறிக் கண் உண்டாம். மாறுகண் இருந்தால் பாட்டியாவது கண்டுபிடித்துவிடுவாள். பவர் வித்தியாசத்தை வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மைனஸ் பவரில், அதாவது கிட்டப்பார்வையில், சின்ன வித்தியாசம் இருந்தால் இத்தனை மோசம் போவதில்லை. பவர் குறைந்த கண் தூரத்தைப் பார்க்கும், அதிகமான கண் புத்தகத்தைப் பார்க்கும். இரண்டுக்கும் வேலை கிடைத்துவிடும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே பொருளைத் தெளிவாகப் பார்ப்பது மட்டும் நடக்காது. வித்தியாசம் மிகவும் அதிகமானால் அங்கேயும் ஒரு கண் பின்தங்கிவிடும்.

ஈயின் இறக்கை

"சரி, ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு, எண்ணெயை ஏன் கீழே ஊத்தினா?" என்று கேட்டேன். டாக்டரம்மா ஒரு படத்தை எடுத்தார்கள். ஒரு பெரிய ஈயின் படம். கறுப்பாக ஒரு கண்ணாடியை முதலில் என் பையனுக்கு மாட்டி, "ஈயோட இறக்கையைப் பிடி" என்றார்கள். அவன் கையை நீட்டி, காகிதத்துக்கு மேலே காற்றில் எதையோ கிள்ளினான். "ஐயே, நிஜ ஈ மாதிரி நிக்குது!" என்று கையை உதறினான். அதே கண்ணாடியைச் சின்னவளுக்கு மாட்டினார்கள். அவள் விரலைக் கொண்டுபோய்க் காகிதத்தின் மேலேயே வைத்து, "இதோ" என்றாள். அவளுக்கு அது வெறும் படம். எழும்பி நிற்கவே இல்லை.

அந்த அறையில்தான் என் கண்ணில் தண்ணீர் வந்தது.

இந்தச் சூட்சுமம் என்ன என்று வீட்டிலேயே பார்க்கலாம். கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். விரல் இடம் விட்டு இடம் குதிக்கும். பெரியவர்களுக்கு இரண்டு கண்ணுக்கும் நடுவே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை அந்த இரண்டு படத்தையும் ஒப்பிட்டு, எது முன்னே, எது பின்னே, எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. இதை 1838-ல் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு ஓவியங்களைக் காட்டி, அவை ஒன்றாகி எழும்பி நிற்கும்படி ஒரு கருவியே செய்தார். நாம் சின்ன வயதில் கண்ணில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்த வியூ மாஸ்டர், 1984-ல் வந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்', எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

ஒரு கண்ணிலிருந்து வரும் படம் மங்கலாக இருந்தால் மூளை எதை எதோடு ஒப்பிடும்? கணக்கு தப்புகிறது. இரண்டு கண்ணால் போடும் இந்தக் கணக்கு கை எட்டும் தூரத்தில்தான் மிகவும் துல்லியம். யோசித்துப் பாருங்கள், காபி ஆற்றுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, பூத் தொடுப்பது, எண்ணெய் ஊற்றுவது என்று நம் வீட்டு வேலை அத்தனையும் கை எட்டும் தூரத்தில்தானே? கோலமும் கரும்பலகையும் தட்டை. அதில் முன்னே பின்னே கிடையாது. அதனால்தான் கோலத்தில் கெட்டிக்காரியாக இருந்தவள் விளக்கில் கோட்டை விட்டாள்.

ஒரு கண்ணால் தூரமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரிவது, ஒன்று மற்றதை மறைப்பது, நிழல் விழுவது, தலையை அசைத்தால் கிட்டே உள்ளது வேகமாக நகர்வது இவற்றையெல்லாம் வைத்து மூளை சமாளிக்கும். கிரிக்கெட் வீரர் பட்டோடி நவாப் மன்சூர் அலி கானுக்கு 1961-ல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் வலது கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அந்தக் கண்ணின் மங்கலான உருவம் குறுக்கே வராமல் இருக்கத் தொப்பியை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தார். மறு வருஷமே 21 வயதில் இந்திய அணியின் கேப்டன் ஆனார். 1964-ல் டில்லியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 203 ஓட்டங்கள் எடுத்தார். ஆனால் எல்லாராலும் பட்டோடி ஆக முடியுமா? பந்தை விட்டுவிட்டு நிற்கும் குழந்தைகள்தான் அதிகம்.

மாமியாரின் படி

கண்ணாடிச் சீட்டோடு வீட்டுக்கு வந்தோம். என் மாமியார் பிடித்துக்கொண்டார்கள். "ஆறு வயசுப் பொண்ணுக்குச் சோடாபுட்டியா? நாளைக்கு வரன் வரும்போது என்ன சொல்லுவே? பொன்னாங்கண்ணிக் கீரை தினமும் குடு, சரியாப் போயிடும்."

கீரை நல்லதுதான். வைட்டமின் ஏ சத்து குறைந்தால் மாலைக்கண் வரும், அதைத் தடுக்கக் கீரையும் கேரட்டும் உதவும். ஆனால் கண்ணின் அளவால் வந்த பவர் வித்தியாசத்தைக் கீரை ஒருநாளும் மாற்றாது. இதை டாக்டரம்மா சொன்னார்கள், நான் மாமியாரிடம் சொன்னேன், அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணவர் வழக்கம்போல் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். நானாகத்தான் போய்க் கண்ணாடி வாங்கி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, 2019 தை மாதம், மாமியாருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணிலும் புரை இருந்தது. அதை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆக, ஒரு கண் பளிச்சென்று, மறு கண் பனி மூட்டமாக. ஒரு நாள் காலை வாசல்படி இறங்கியவர்கள், படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார்கள். நல்ல வேளையாகத் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் மோரைத் தட்டுக்கு வெளியே ஊற்றினார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள், "ஏண்டி, குழந்தை இத்தனை வருஷமா இப்படித்தான் நடந்துதா?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கண்ணாடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் இதைவிடக் கஷ்டம். புரை எடுத்த கண்ணில் லென்ஸே இராது. பத்து பவர் தடிக் கண்ணாடி போட வேண்டும். அதில் எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஒரு கண்ணில் பெரிசு, மறு கண்ணில் சாதாரணம், இரண்டும் எப்படிச் சேரும்? 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகக் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைத்தார். இன்று நம் ஊரில் புரை ஆபரேஷன் என்றாலே உள்ளே லென்ஸ் வைப்பதுதான் வழக்கம். ஆனாலும் ஒரு கண் முடிந்து மறு கண் பாக்கி இருக்கும் நாட்களில் பெரியவர்களுக்குப் படியில் துணை வேண்டும். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு, நல்ல வெளிச்சம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. இது மூன்றும் போதும், ஒரு இடுப்பெலும்பைக் காப்பாற்றலாம்.

ஒட்டுப் போட்ட கண்

கண்ணாடி போட்ட முதல் வாரம் சின்னவள் தரை சாய்கிறது என்றாள். ஒவ்வொரு பவருக்கும் உருவத்தின் அளவு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மாறுமாம். இரு கண்ணுக்கும் வித்தியாசம் அதிகமானால் உருவங்களின் அளவும் வேறுபடும். குழந்தைகள் இதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் தலைவலி வரும். அவர்களுக்குக் கான்டாக்ட் லென்ஸ் ஒத்துவரும், கண் மேலேயே உட்காருவதால் அளவு வித்தியாசம் குறையும்.

முதல் நாலு மாதம் வெறும் கண்ணாடிதான். நாலில் ஒரு குழந்தைக்குக் கண்ணாடி மட்டுமே போதும், சோம்பேறிக் கண் தானே விழித்துக்கொள்ளும் என்றார்கள். எங்கள் பெண்ணுக்குப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. 6/36 என்றிருந்தது 6/18 ஆனது. பிறகு நல்ல கண்ணை மூடி ஒட்டுப் போடச் சொன்னார்கள், தினமும் 2 மணி நேரம். "இன்னும் நிறைய நேரம் போட்டா சீக்கிரம் சரியாகுமா?" என்று கேட்டேன். மிதமான குறைக்கு 2 மணி நேரம் போட்டாலும் 6 மணி நேரம் போட்டாலும் நாலு மாதத்தில் ஒரே பலன்தான் என்று அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். குறை கடுமையாக இருந்தால் நேரம் கூடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாக இஷ்டத்துக்கு மூடி வைத்தால் நல்ல கண்ணும் பின்தங்கும் ஆபத்து உண்டு.

இரண்டு மணி நேரம் என்று சொல்வது சுலபம். முதல் நாள் அவள் பிய்த்து எறிந்தாள். இரண்டாம் நாள் கெஞ்சினாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலைம்மா, எடுத்துடும்மா" என்று அழுகிற குழந்தையின் நல்ல கண்ணை மூடி வைப்பது எந்தத் தாய்க்குச் சுலபம்? அண்ணன்காரன் ஒட்டின் மேல் கிளி, பூனை, ராக்கெட் என்று தினம் ஒரு படம் வரைந்து கொடுத்தான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே அவளோடு பூத் தொடுத்தார்கள். கண் கூர்ந்து பார்க்கும் வேலை கொடுத்தால்தான் பலன். ஒட்டுப் போட்ட நேரத்தில் மாடிப்படி, சைக்கிள், அடுப்பங்கரை மூன்றும் கூடாது என்று வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்று சாயங்காலத்தில்தான் போட்டோம். ஒட்டு ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு நல்ல கண்ணை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. அதையும் டாக்டர் சொல்லித்தான் போட வேண்டும்.

மார்கழி வரை விடாமல் செய்தோம். இடது கண் 6/9-க்கு வந்தது. அந்த ஈ படத்தை மறுபடி காட்டினார்கள். சின்னவள் விரலை நீட்டினாள். காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்திக் கிள்ளினாள். "அம்மா, இது தூக்கிட்டு நிக்குது!" என்றாள். அதற்குப் பிறகு காட்டிய சின்ன வட்டங்களில் எது எழும்பி நிற்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. நுட்பமான ஆழம் இன்னும் வரவில்லை, முழுக்க வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த இரண்டு வருஷம் ஏன் அத்தனை முக்கியம்? பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில மாதங்கள் மூடி வைத்துப் பிறகு திறந்தபோது, கண் நன்றாக இருந்தும் மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடித் திறந்தால் ஒன்றும் ஆகவில்லை. 1960-களில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைக் கண்டறிந்தார்கள். பார்வை பற்றிய அவர்கள் ஆராய்ச்சிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூளை பார்க்கப் பழகுவதற்கு ஒரு பருவம் உண்டு. அது இளம் வயது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் பலன் அதிகம். அதைத் தாண்டிவிட்டதே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம். 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளிலும் கண்ணாடியோடு ஒட்டும் போட்டுச் சிகிச்சை செய்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பார்வை கூடியது என்று 2005-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

இன்றே செய்து பாருங்கள்

1. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையை, கையால் பொத்தச் சொல்லாமல், நீங்களே ஒரு கண்ணின் மேல் மடித்த கைக்குட்டையைப் பிடித்து மறையுங்கள். மறு கண்ணால் காலண்டர் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்றுங்கள். எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

2. பேசத் தெரியாத குழந்தையா? விளையாட்டாக ஒரு கண்ணை மறையுங்கள். ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருந்து, மறு கண்ணை மறைத்தால் மட்டும் அழுது கையைத் தட்டிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

3. பேனா மூடியை நீங்கள் நேராகப் பிடித்துக்கொண்டு, பேனாவை மேலிருந்து அதற்குள் விடச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப முன்னேயோ பின்னேயோ போனால் கவனிக்க வேண்டும். நீங்களும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள், குழந்தையின் கஷ்டம் புரியும்.

4. தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மூடுவது, படியில் தயங்குவது, ஊற்றும்போது சிந்துவது இவற்றைக் 'கவனமில்லை' என்று ஒதுக்காதீர்கள்.

5. போட்டோவில் ஒரு கண்ணின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். அது வேறு பெரிய கோளாறாக இருக்கலாம்.

6. அம்மா, அப்பா, அண்ணன், அக்கா யாருக்காவது சின்ன வயதிலேயே கண்ணாடி, மாறுகண், சோம்பேறிக் கண் இருந்திருந்தால் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் மூன்று வயதில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இது எதுவும் டாக்டர் பரிசோதனைக்கு ஈடாகாது. வீட்டில் தேறிவிட்டாலும் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு முறை கண் டாக்டரிடம் காட்டுவது நல்லது. பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் கண் மருத்துவமனை அரசு மருத்துவமனைதான். மற்ற ஊர்களிலும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் கண் பிரிவு உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். "பெரியவளானதும் லேசர் பண்ணிக்கலாம்" என்று ஒத்திப் போடவும் வேண்டாம். லேசர் பவரைத்தான் குறைக்கும், பழகாத மூளையைப் பழக்காது.

சின்னவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பந்து விளையாட்டு அவளுக்குப் பிடிபடவில்லை, நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி அவள் முகத்துக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது அவள் பொறுப்பு. இடது கையால் விளக்கின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, நிதானமாக ஊற்றுவாள். ஒரு சொட்டு வெளியே விழாது.

ஒருநாள் அப்படி ஊற்றிவிட்டு நிமிர்ந்து, "அன்னிக்கு நான் நிஜமாவே விளக்குலதாம்மா ஊத்தினேன்" என்றாள்.

"தெரியும்டி கண்ணு" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.